வெள்ளை ரசம் வராத வருடம்

ஜூன் 3, திங்கள்

இன்று காலை அம்மாவின் முகத்தில் துணியை எறிந்தார்கள்.

எறிந்தவர் சந்தியாகு, எங்கள் மாதா கோயிலின் கோயில்பிள்ளை. மணி அடிப்பதும் பூசைக்கு வேண்டியதை எடுத்து வைப்பதும் அவர் வேலை. எறிந்தது, சாமியார் பூசை முடிவில் திராட்சை ரசக் கிண்ணத்தைத் துடைக்கும் சிறு துணி. அதன் நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வெளிறிய சிவப்பு.

"இதத்தான் வெளுத்துருக்கியாக்கும்? கண்ணு அவிஞ்சு போச்சா ஒனக்கு?"

அம்மா அதைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டாள். கோயில் துணி தரையில் படக் கூடாது. முகத்தில் எறியலாம்.

சாயங்காலம் கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவை கூடியது. தலைவர் இன்னாசிமுத்து, ஊரில் பாதித் திராட்சைத் தோட்டத்துக்குச் சொந்தக்காரர். அம்மாவைக் கூப்பிட்டு வாசலில் நிற்க வைத்துப் பேசினார்.

"மதலேனு, ஒங்க மாமியா காலத்துல பீடத்துணி பாலு மாதிரி இருக்கும். நீ கறையோட குடுக்குற. திருவிழா வரைக்கும் பாப்பேன். அக்டோபர்ல பீடத்துல ஒரு பொட்டுக் கறை கண்டேன், துணிய உத்தமபாளையம் லாண்டரிக்காரன்ட்ட குடுத்துருவோம். நீ ரூமை ஒழிச்சுக் குடுத்துட்டு நடையக் கட்டு."

"சரிங்கய்யா" என்றாள் அம்மா.

கோயிலுக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறைதான் எங்கள் வீடு. துணி வெளுக்கிற குடும்பத்துக்கென்று கட்டியது. வேலை இருக்கும்வரை அறை. ஏலத்தோட்டத்து வேலைக்குப் போன அப்பா அங்கேயே இன்னொரு குடும்பத்தோடு தங்கிவிட்டார். எங்களுக்கு வேறு இடம் கிடையாது.

நான் அம்மாவின் பக்கத்தில்தான் நின்றேன். வேதியியலில் பட்டம் வாங்கியிருக்கிறேன், எங்கள் குடும்பத்தில் முதல் ஆள். வாயைத் திறக்கவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

நேற்றைய துணியை அம்மா மறுபடி வெளுத்தாள். நான் உதவி செய்தேன்.

ரசம் பட்ட துணியை முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடக் கூடாது. பூசையில் ரசம் ஆண்டவரின் ரத்தமாகிறது; இது அந்த ரத்தம் தொட்ட தண்ணீர். அறைக்குப் பின்னால் நிற்கும் எலுமிச்சை மரத்தின் வேரில் ஊற்றுவோம். அந்த மரத்துப் பழத்தைத்தான் கறைக்குத் தேய்ப்போம். தேய்த்து வெயிலில் போட்டு, மறுபடி தேய்த்து, கறை முழுவதும் போன பிறகுதான் சோப்பு. முதலிலேயே சோப்பைப் போட்டால் கறை நீலமும் கறுப்புமாகத் திரும்பி நூலில் ஏறி உட்கார்ந்துவிடும். கல்லூரி ஆய்வகத்தில் திராட்சைத் தோலின் சாயத்தை வைத்து இதைச் செய்து காட்டினார்கள்: புளிப்பில் சிவப்பு, காரத்தில் நீலம். வகுப்பே ஆச்சரியப்பட்டது. எனக்கு அது எங்கள் வீட்டு வாசல்.

மரம் நிறையக் காய்க்கும். ஆனால் கோயிலுக்கு மட்டும்தான். ஒரு பழத்தைக்கூட நாங்கள் சோற்றில் பிழிந்ததில்லை. சின்ன வயதில் ஒன்றைக் கடித்ததற்கு அம்மா சூடு வைக்க வந்தாள்.

அம்மாவின் விரல் வெடிப்புகளில் சாறு இறங்கும்போது அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வது கேட்கிறது.

ஜூன் 7, வெள்ளி

நான் வேலை செய்வது பங்கின் ரசக்கூடத்தில். சுற்றுவட்டாரக் கோயில்களுக்குப் பூசை ரசம் இங்கிருந்துதான் போகிறது. பங்குச் சாமியார் ஃபாதர் பாஸ்கல்தான் அதற்கும் பொறுப்பு. சர்க்கரை, புளிப்பு, சாராயச் சத்து அளப்பது என் வேலை. தற்காலிகம்தான்.

இன்று குழாயைக் கழுவிக்கொண்டே ஃபாதரிடம் பேசிவிட்டேன். மூன்று நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம்.

"ஃபாதர், வெள்ளை ரசம் செய்யலாமா?"

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல ஃபாதர். துணியில கறை படாது."

கண்ணாடியை மறுபடி மூக்குக்கு இறக்கினார். பிறகு, சபைச் சட்டத்தில் சிவப்பு என்று எங்கும் எழுதவில்லை, திராட்சையிலிருந்து வந்ததாக, கெடாததாக இருந்தால் போதும் என்றார். ரோமில் படித்தபோது அவர் பூசை வைத்த இடங்களில் பாதி வெள்ளைதானாம். "ஆனா நம்மகிட்ட இருக்கறது பன்னீர்த் திராட்சை. கறுப்பு. வெள்ளைக்கு எங்க போறது?"

ஒரு பழத்தை எடுத்து உள்ளங்கையில் பிதுக்கிக் காட்டினேன். சாறு தண்ணீர் நிறத்தில் வழிந்தது. நிறம் முழுவதும் தோலில்தான் இருக்கிறது. தோலோடு சேர்த்துப் புளிக்க வைத்தால் சிவப்பு. பழம் வந்ததும் பிழிந்து, தோலை அப்புறப்படுத்திவிட்டுச் சாற்றை மட்டும் புளிக்க வைத்தால் வெள்ளை. பழம் ஒன்றே. எது எவ்வளவு நேரம் கூட இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

இதை நான் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. "தோலு ஃபாதர்" என்றேன். அவர் புரிந்துகொண்டார்.

ஜூன் 16, ஞாயிறு

பூசை முடிவில் ஃபாதர் அறிவித்தார்: இந்த அறுவடையில் ஒரு தொட்டி வெள்ளை ரசம் செய்து பார்ப்போம். பெயர் சொல்லாமல் விட்டிருக்கலாம். "நம்ம ஜெசிந்தாவோட யோசனை" என்றார்.

கோயில் வாசலில் எல்லோரும் என்னைச் சுற்றிக்கொள்ளவில்லை. என்னைச் சுற்றிப் பேசினார்கள்.

"ரத்தம்னா செவப்பாத்தானய்யா இருக்கும்? இவ வீட்டுல வெள்ளையா ஓடுதா?"

"நாளைக்கு அப்பத்துக்குப் பதிலா பன்னு குடுக்கச் சொல்லுவா."

"நாலு எழுத்துப் படிச்சுட்டால்ல."

இன்னாசிமுத்து மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றார். சத்தம் போடவில்லை. ஃபாதர் காதில் விழாத அளவுக்கு மட்டும் சொன்னார்.

"வெளுக்குற சாதிக்கு எதப் பாத்தாலும் வெளுக்கணும். செத்த விட்டா மாதாவையும் வெளுத்துருவாளுக."

சிரித்தார்கள். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் கையை விட்டாள். "ஒன்ன யாருடி கேட்டா?" என்றாள். பிறகு சோறு போட்டாள். கருவாட்டுக் குழம்பு.

ஜூன் 21, வெள்ளி

இன்னாசிமுத்து ஏன் இவ்வளவு கொதிக்கிறார் என்று இன்று தெரிந்தது. ரசக்கூடத்துக்குப் பழம் கொடுப்பது அவர் மட்டும்தான். இன்று புரட்டிய பழைய பதிவேட்டில் எல்லாம் முதல் தரம், முதல் தர விலை. நான் வந்தபிறகு இறங்கியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்: கம்பம் சந்தைக்குப் போக முடியாத பழம். உதிர்ந்தது, வெடித்தது, குளவி குத்தியது. சிவப்பு ரசத்தில் அது தெரியாது. தோலின் நிறமும் துவர்ப்பும் எல்லாவற்றையும் மூடிவிடும்.

வெள்ளையில் எதையும் மூட முடியாது. அழுகிய ஒரு கொத்து விழுந்தாலும் நாற்றம் முன்னால் வந்து நிற்கும். ஃபாதர் இந்த முறை முழுக் கொத்தாக, உடையாத பழமாக, விடியற்காலையில் பறித்து, பிளாஸ்டிக் பெட்டியில் ஒற்றை அடுக்காக அடுக்கித் தரச் சொல்லியிருக்கிறார். இல்லையென்றால் திருப்பி அனுப்புவாராம்.

ஆண்டவருக்கு இதுவரை சந்தை கழித்ததைத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

ஜூன் 27, வியாழன்

இன்னாசிமுத்துவின் மகன் பிரிட்டோ சர்க்கரை அளவு பார்ப்பதற்கு மாதிரிப் பழம் கொண்டுவந்தார். மதுரையில் வணிகவியல் படித்தவர். அப்பாவைப் போல இல்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார்.

"ஜெசி, ஒரு சந்தேகம். சிரிக்கக் கூடாது. செவப்புக்கும் வெள்ளைக்கும் நெறம் மட்டும்தான் வித்தியாசமா?"

நான் சிரிக்கவில்லை. சிவப்பில் தோலும் விதையும் ஊறுவதால் துவர்ப்பு இறங்கும், நாக்கு வறளும் என்றேன். வெள்ளையில் புளிப்புதான் முன்னால் நிற்கும், அதைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும். சிவப்பு கொஞ்சம் முரட்டுத்தனத்தைத் தாங்கும். வெள்ளை தாங்காது.

"அடேங்கப்பா" என்றார். "காலேஜ்ல எங்களுக்கு ஒருத்தரும் இப்படிப் பொறுமையாச் சொல்லிக் குடுத்ததில்ல."

அவர் கேள்வி கேட்கும் விதம் நல்ல மாணவனுடையது. அவ்வளவுதான்.

ஜூலை 2, செவ்வாய்

தலைக்கிளிப் உடைந்துவிட்டது. புதிது வாங்கினேன். அம்மா பழைய கிளிப்பை எடுத்துப் பார்த்து, "இது நல்லாத்தான இருக்கு?" என்றாள்.

ஜூலை 5, வெள்ளி

பிரிட்டோ வந்தார். மாதிரிப் பழம் இல்லை. சும்மா வந்தேன் என்றார்.

ஜூலை 11, வியாழன்

பிரிட்டோ இன்று வெகுநேரம் நின்றார். பிழிபொறியைச் சுற்றிவந்து பார்த்தார்.

"அப்பாவ நான் சரிக்கட்டிட்டேன் ஜெசி. பழம் நல்லதா வரும். எதுல கவனமா இருக்கணும்னு மட்டும் சொல்லு. நாங்கபாட்டுக்கு அறியாம எதையாவது செஞ்சு ஒன் வேலையக் கெடுத்துறக் கூடாதுல்ல?"

எனக்குப் பேச்சு தானாக வந்தது. தோல் நசுங்கக் கூடாது என்றேன். சாக்கில் கட்டவே கூடாது. வெயிலில் கிடக்கக் கூடாது. சூட்டில் நிறம் வேகமாக இறங்கும். பறித்ததற்கும் பிழிவதற்கும் நடுவில் எவ்வளவு தாமதமோ அவ்வளவு சிவப்பு. ஒருமுறை நிறம் இறங்கிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

"எடுக்கவே முடியாதா?"

"கரி போட்டு எடுக்கலாம். ஆனா பூசை ரசத்துல எதையும் சேர்க்கக் கூடாதுன்னு ஃபாதர் சொல்லுவார்."

"அப்பச் சரி" என்றார். கவனமாகக் கேட்டுக்கொண்டார். ஒரு வார்த்தையைக்கூட மறக்க மாட்டார் என்று தோன்றியது.

அம்மாவிடம் இந்த அறை நமக்கு நிலைத்துவிடும் என்று இன்று முதல் முறையாகச் சொன்னேன். அம்மா மரத்தடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூலை 17, புதன்

விடியும் முன்னரே ரசக்கூடத்தைத் திறந்தேன். பிழிபொறியைக் கழுவி, தொட்டியைக் கழுவி, தரையில் தண்ணீர் தெளித்துக் குளிர வைத்தேன். ஃபாதர் வந்து ஜெபம் சொன்னார். காத்திருந்தோம்.

வெயில் ஏறியது. ஃபாதர் இரண்டு முறை இன்னாசிமுத்துவுக்குப் போன் செய்தார். "வந்துக்கிட்டே இருக்கு சாமி" என்று பதில் வந்தது.

உச்சி வெயிலில் டிராக்டர் வந்தது. பிரிட்டோ ஓட்டிக்கொண்டு வந்தார். டிரெய்லர் நிறையச் சாக்குகள். சாக்குகளின் மேல் நாலைந்து ஆட்கள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். டிரெய்லரின் இடுக்குகளிலிருந்து சாறு ஒழுகி, வந்த வழியெல்லாம் சிவப்புக் கோடு. நாய் ஒன்று அதை நக்கிக்கொண்டே பின்னால் வந்தது.

பிரிட்டோ இறங்கினார். என்னைப் பார்க்கவில்லை. ஃபாதரிடம் சொன்னார்: "பெட்டி கெடைக்கல ஃபாதர். ஆளும் காலையில வரல."

பின்னாலேயே இன்னாசிமுத்து மோட்டார் சைக்கிளில் வந்தார். "எறக்கு, எறக்கு" என்றார். ஆட்கள் சாக்கைத் தூக்கித் தரையில் வீசினார்கள். ஒவ்வொன்றும் விழும்போது உள்ளே நசுங்குகிற சத்தம் கேட்டது.

ஃபாதர் கோபப்பட்டார். "இதுக்கா இவ்வளவு சொன்னேன்? திருப்பி எடுத்துட்டுப் போங்க."

"எடுத்துட்டுப் போறேன் சாமி. அடுத்த அறுவடை நாலு மாசத்துக்கு அப்பறம். அதுவரைக்கும் பூசைக்குத் தண்ணிய வச்சுக்கங்க. கூடத்துல மிச்சம் எவ்வளவு இருக்குன்னு அந்தப் பிள்ளையக் கேளுங்க, அதான் அளக்குறவ."

மிச்சம் செப்டம்பர் வரைக்கும்தான் வரும். அது அவருக்கும் தெரியும்.

ஃபாதர் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு சாக்கை அவிழ்த்தேன். கை மணிக்கட்டு வரை சிவந்துவிட்டது. பிழிந்தால் வெள்ளை வராது, ரோஜா நிறம் வரும். துணியில் பட்டால் அதுவும் கறைதான்.

"பாத்தீகளா" என்றார் சந்தியாகு. அவர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. "வெள்ளை, வெள்ளைன்னு குதிச்சா. கறுப்புப் பழத்துல வெள்ளை வருமாம். காகம் வெள்ளையா முட்டையிட்டா குஞ்சும் வெள்ளையாவா இருக்கும்?"

சிரிப்பு. பிரிட்டோவும் சிரித்தார். சத்தமாக இல்லை; மற்றவர்கள் சிரிப்பதால் சிரிப்பது போல. பிறகு குனிந்து டிராக்டர் கொக்கியைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

சாக்கு. வெயில். தாமதம். நான் சொன்ன மூன்றும், சொன்ன வரிசையில்.

"என்ன செய்யலாம் ஜெசிந்தா?" என்றார் ஃபாதர்.

"தோலோடயே போட்டுரலாம் ஃபாதர்" என்றேன். "சிவப்பே செய்வோம்."

அழுகியதைப் பொறுக்கித் தள்ளச் சாயங்காலம் வரை ஆனது. நானும் அம்மாவும் செய்தோம்.  கிளிப் எங்கோ தொட்டிக்குள் விழுந்துவிட்டது. தேடவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

பேரவை தீர்மானம். திருவிழாவுக்குப் பின் துணி லாண்டரிக்கு. அக்டோபர் பதினைந்துக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். கறை வருகிறதா என்று பார்ப்பதுகூட இல்லை. சந்தியாகு வந்து சொல்லிவிட்டு, வாசலில் காய்ந்த துணிகளை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஃபாதர் பேரவையில் எதிர்த்துப் பேசினாராம். எத்தனை பேர் அவருக்கு எதிராகக் கை தூக்கினார்கள் என்று நான் அம்மாவிடம் சொல்லவில்லை. 

ஜூலை 25, வியாழன்

தொட்டியில் சாறு நன்றாகப் புளித்துப் பொங்குகிறது. தோல்கள் மேலே வந்து கெட்டியான மூடி போல மிதக்கின்றன. அதைக் காலையும் மாலையும் கட்டையால் சாற்றுக்குள் அமுக்க வேண்டும். வழக்கமாக ஃபாதரின் சமையல்காரர் அமுக்குவார். இந்த முறை நானே அமுக்குகிறேன்.

கைக்கு நல்ல வேலை.

ஜூலை 30, செவ்வாய்

வழக்கப்படி இந்நேரம் தோலைப் பிரித்திருக்க வேண்டும். ஃபாதர் கேட்டார். இன்னும் கொஞ்ச நாள் கிடக்கட்டும், நிறம் நிலைக்கும் என்றேன். அது உண்மைதான்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

தோலைப் பிரித்துப் பிழிந்தோம். கண்ணாடிக் குழாயில் பிடித்து ஜன்னலுக்கு நேரே வைத்தேன். வெளிச்சம் ஊடுருவவில்லை. "இவ்வளவு கறுப்பா நம்ம கூடத்துல ரசம் வந்ததே இல்லையே" என்றார் ஃபாதர். ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். துவர்ப்பில் உதடு பல்லோடு ஒட்டிக்கொண்டது. துப்பினேன்.

சொட்டு ஒன்று என் துப்பட்டாவில் பட்டது. எலுமிச்சம்பழத்தால் மூன்று முறை தேய்க்க வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 19, திங்கள்

பிரிட்டோ ரசக்கூடத்துக்கு வந்தார். இந்த முறை செருப்போடு.

"ஜெசி, நீ தப்பா எடுத்துக்கக் கூடாது. எங்க அப்பாவத்தான் ஒனக்குத் தெரியுமே. நான் சொன்னாக் கேப்பாரா?"

"பழம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன்.

"இல்ல, எம்மேல ஒனக்குக் கோவம்..."

"வழிய விடுங்க. வாளி கனமா இருக்கு."

வாளி காலியாக இருந்தது. அவர் வழிவிட்டார்.

செப்டம்பர் 8, ஞாயிறு

மாதா பிறந்தநாள். பாயசம் வைத்தோம். அம்மா கம்பத்தில் ஒரு அறை பார்த்துவிட்டு வந்தாள். மாடிப்படிக்குக் கீழே இருக்கிறதாம். துணி காயப்போட இடம் இல்லை. "எதுக்கு இடம்?" என்றாள், "இனி யாரு துணிய வெளுக்கப் போறோம்?"

செப்டம்பர் 22, ஞாயிறு

திருவிழாவுக்குப் புதுப் பீடத்துணி வந்துவிட்டது. பீடத்தின் முன்பக்கம் முழுதும் தொங்குகிற அளவு. வெள்ளைப் பருத்தி, ஓரத்தில் சரிகை. முன் விளிம்பில் பெரிய எழுத்தில் தையல் வேலைப்பாடு: இன்னாசிமுத்து – செல்வமணி குடும்பத்தார் அன்பளிப்பு. பூசைக்கு வருகிறவர்கள் முழங்காலில் இருக்கும்போது நேராக அந்தப் பெயர்தான் தெரியும்.

பழைய துணிகளில் பெயர் இல்லை. வெளுத்தவர்கள் பெயரும் இல்லை.

செப்டம்பர் 28, சனி

புது ரசம் குப்பிகளில் அடைத்தாயிற்று. முதல் பெட்டி நம் கோயில் திருவிழாவுக்கு. ஃபாதர் என் வேலையை நிரந்தரமாக்கக் கடிதம் எழுதியிருப்பதாகச் சொன்னார். "நன்றி ஃபாதர்" என்றேன். அவர் இன்னும் ஏதோ எதிர்பார்த்து நின்றார். நான் குப்பிகளை எண்ணத் தொடங்கினேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

ஜெபமாலை மாதா திருவிழா. ஆடம்பரப் பூசை. வெளியிலிருந்து நான்கு சாமியார்கள். பீடத்தில் நிற்க இடமில்லை. அங்கிகள் ஒன்றோடொன்று உரசின. ஒவ்வொரு திருவிழாவிலும் இப்படித்தான் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள், ஒவ்வொரு திருவிழாவிலும் எதையாவது சிந்துவார்கள். அடுத்த வாரம் முழுவதும் அம்மா தேய்ப்பாள்.

காணிக்கை நேரத்தில் ஒரு சாமியாரின் கை அகலமான அங்கியோடு ரசக் குப்பியைத் தட்டியது. குப்பி உருண்டது. சந்தியாகு பாய்ந்து பிடிப்பதற்குள் பாதி கவிழ்ந்துவிட்டது. சிவப்பு மேலிருந்து இறங்கி முன் விளிம்பில் பரவியது. பெயரின் மேல். 'இன்னாசிமுத்து'வில் தொடங்கி 'குடும்பத்தார்' வரைக்கும்.

பாடகர் குழு நிற்காமல் பாடியது. முன்வரிசையில் இன்னாசிமுத்துவின் கழுத்து மட்டும் அசையாமல் இருந்தது.

நான் பெண்கள் பக்கம் கடைசியில் இருந்தேன். அவ்வளவு தூரத்திலிருந்தும் அந்த நிறம் நன்றாகத் தெரிந்தது.

அக்டோபர் 7, திங்கள்

அம்மா முன்பணம் கொடுக்கக் கம்பம் போயிருந்தாள். நான் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. பிரிட்டோ. கையில் துணிக்கடைப் பை.

"அம்மா இல்லையா?"

"இல்ல."

"லாண்டரிக்காரன் கோயில் துணிய வாங்க மாட்டேங்குறான் ஜெசி. சாமி குத்தமாயிரும்னு பயப்படுறான். வாற ஞாயித்துக்கிழமை ஆயர் வாறாக. எங்கம்மா நேத்துல இருந்து அழுதுக்கிட்டே இருக்கு, வீட்டுலயே தொவைக்கிறேங்குது." பையைத் திறந்து காட்டினார். ரசம் இன்னும் சிவப்பாகவே இருந்தது. எளிதில் போகக்கூடிய சிவப்பு. "எப்படித் தொவைச்சாப் போகும்னு சொல்லேன். ஒனக்குத் தெரியும்ல?"

அறைக்குப் பின்னால் எலுமிச்சை மரம் காய்த்துத் தொங்கியது. அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தாலே தெரியும்.

"சோப்பு" என்றேன். "பார் சோப்ப நல்லா அழுத்திப் போடச் சொல்லுங்க. அப்பறம் வெந்நீர்ல துவைக்கிற சோடாவக் கரைச்சு, அதுல ராத்திரி முழுக்க ஊற வைக்கச் சொல்லுங்க."

"ராத்திரி முழுக்கவா?"

"பெரிய கறை பாருங்க."

கவனமாகக் கேட்டுக்கொண்டார். திரும்ப ஒருமுறை சொல்லிப் பார்த்தார். சரியாகச் சொன்னார்.

"நீ நல்ல பிள்ள ஜெசி. மனசுல ஒண்ணும் வச்சுக்கல பாரு" என்றார்.

கேட்டார், சொன்னேன். பாத்திரம் கட்டுவதற்கு இன்னும் ஒரு சாக்கு தேவைப்பட்டது.

அக்டோபர் 9, புதன்

மழை. ரசக்கூடத்தில் அளவு வேலை.

அக்டோபர் 13, ஞாயிறு

ஆயர் பூசை. பீடத்தில் அதே துணியைத்தான் விரித்திருந்தார்கள். மடித்து மறைக்கப் பார்த்திருக்கிறார்கள். முன் விளிம்பை மடித்தால் சரிகை சரியாக விழாது. ஒரு பூந்தொட்டியை முன்னால் வைத்திருந்தார்கள். பூந்தொட்டி சின்னது.

பெயர் இருந்த இடத்தில் மை கொட்டியது போல நீலக் கறுப்பு. எழுத்து ஒன்றும் படிக்க முடியவில்லை. பெண்கள் பக்கத்தில் குசுகுசுப்பு ஓடியது. "செவப்பு எப்படித்தா நீலமாச்சு?" "அந்த வீட்டுப் பழம்தான, அப்பறம் எப்படி இருக்கும்?" செல்வமணியம்மாள் முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தாள். இன்னாசிமுத்து நற்கருணை வாங்க எழுந்து போகவில்லை. பிரிட்டோ ஒருமுறை திரும்பிப் பெண்கள் பக்கம் தேடினார். நான் ஜெபப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா பூசை முழுவதும் அந்தத் துணியையே பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சேலையைக்கூட மாற்றாமல் கேட்டாள்.

"சோப்பப் போட்டுருக்காக. வெந்நீரும் சோடாவும் சேந்துருக்கு, இல்லன்னா இவ்வளவு ஏறாது. யாருடி சொன்னது அவுகளுக்கு?"

"தெரியலம்மா."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். கறை இருக்கிறதா என்று துணியை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாளே, அப்படி.

"இப்பக்கூட எலுமிச்சம்பழம் போட்டா செவப்புக்குத் திரும்பிரும்" என்றாள். "அப்பறம் கொஞ்சங்கொஞ்சமா எடுத்துறலாம்."

"ஆமா."

பின்கதவைத் திறந்துகொண்டு போனாள். ஒரு கூடையை எடுத்துப் போனாள். வெகுநேரம் வரவில்லை. மரத்துக் கிளைகள் ஒடிகிற சத்தம் கேட்டது. கோயிலுக்குத்தான் எடுத்துக்கொண்டு போகப்போகிறாள் என்று நினைத்தேன். அடுப்பங்கரையில் நின்று, தடுப்பதற்கு என்ன சொல்லலாம் என்று யோசித்தேன்.

கூடை நிறையப் பழத்தோடு உள்ளே வந்தாள். பிஞ்சையும் விடவில்லை. கட்டியிருந்த சாக்கை அவிழ்த்து, அரிவாள்மணையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதல் பழத்தை இரண்டாக நறுக்கினாள்.

"சோத்த வடிச்சு ஆறவையி" என்றாள். "மிச்சத்த ஊறுகா போட்டுக்கலாம். கம்பத்துல வெல கூட."

மத்தியானம் எலுமிச்சம்பழச் சோறு. அம்மா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். நானும்.

புளிப்பு சரியாக இருந்தது.